ஓர் உலை, ஐந்து தட்டு

(நமது அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமை ஒட்டி நடந்த பெண்கள் நலக் கூட்டத்தில் உணவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



அன்பான தாய்மார்களே, சகோதரிகளே, வெளித் திண்ணையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரர்களே!

காலையிலிருந்து முகாமில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் எதைச் சாப்பிடக் கூடாது?" ஒரு தாய் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "எங்க வீட்டுல அஞ்சு பேருக்கு டாக்டர் அஞ்சு மாதிரி சொல்லியிருக்காங்க. நான் அஞ்சு சட்டி வைக்கணுமா?" இன்று பேச வேண்டிய விஷயமே இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். மாமிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. சபுரில் இருந்து திரும்பி வந்த கணவருக்கு ரத்த அழுத்தம். மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் இளையவள் கறியும் மீனும் வேண்டாம் என்று நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இந்த நால்வருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியில் இருப்பதைச் சாப்பிடும் ஐந்தாவது ஆள், அந்த வீட்டுப் பெண். நம் ஊரில் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வீட்டுக்கு ஐந்து சட்டி வேண்டியதில்லை. உலை ஒன்றே போதும். ஆணமும் ஒன்றே போதும். மாற வேண்டியது மூன்று இடத்தில்: சட்டிக்குள் போகும் உப்பும் எண்ணெயும், தட்டில் விழும் அளவு, எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பது. பத்தியச் சாப்பாடு என்று ஒருவருக்குத் தனியாகச் சமைத்து வைத்தால் என்ன நடக்கிறது தெரியுமா? முதல் வாரம் சாப்பிடுவார்கள். இரண்டாவது வாரம் முகத்தைச் சுளிப்பார்கள். மூன்றாவது வாரம் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் மூடி திறக்கும் சத்தம் கேட்கும். வயதானவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீடே நெய்ச்சோறும் தாளிச்சாவும் சாப்பிடும்போது ஒருவரை மட்டும் ஓட்ஸ் கஞ்சியோடு மூலையில் உட்கார வைத்தால் அது மருந்தல்ல, தண்டனை.

முதலில் சோறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் தட்டைப் பாருங்கள். முக்கால் பங்கு சோறு, நடுவில் ஆணம், ஓரத்தில் இரண்டு துண்டு கறி அல்லது மீன், காய் என்று பார்த்தால் ஆணத்தில் மிதக்கும் கத்தரிக்காய் மட்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டிய காய்கறி, கீரை மட்டும் சுமார் 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம், அதுவும் சமைக்காத எடை. தட்டில் பாதி காயும் பழமும் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நாம் இதற்கு நேர் எதிராகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"சோற்றை விட்டுவிடுங்கள்" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும் விடமாட்டீர்கள். அளந்து சாப்பிடுங்கள் என்கிறேன். சுமார் 150 கிராம் வெந்த சோறு, அதாவது ஒரு டீ டம்ளர் நிறைய, நாற்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மாமியின் தட்டில் ஒரு வேளைக்கு அதுவே போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ முட்டையோ பருப்போ, மீதிப் பாதி காய். இன்னொரு எளிய வழியும் உண்டு. காயையும் கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியாகச் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை வந்ததும் சோற்றை நிறுத்திவிட்டு இரவு நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். கோதுமையிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. சப்பாத்தியில் நன்மை, அதை எண்ணிச் சாப்பிடலாம் என்பதுதான். நான்கு சாப்பிட்டால் அந்த நன்மையும் போய்விடும். கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச்சத்து நிறைந்தது. ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரையைச் சீக்கிரமே ஏற்றிவிடும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவையும் அப்படித்தான். நிறம் மாறினால் உடம்பு ஏமாறாது. மைதா பரோட்டாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இரவு எட்டு மணிக்குக் கடைவாசலில் நிற்பவர்களுக்கே தெரியும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆகவே மாமிக்காகத் தட்டை மாற்றுவது மாமிக்கு மட்டும் ஆகாது. விளிம்பில் இருக்கும் ஒருவர் அதே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, கணவருடைய ரத்த அழுத்தம். இது உப்பு விஷயம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நாள் முழுக்கத் தேக்கரண்டியால் அளந்துகொண்டிருக்க முடியுமா? நான் வேறு கணக்குச் சொல்கிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் நாற்பது நாள் வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். இருபது நாளில் தீர்ந்தால் வீட்டில் எல்லோருமே இரண்டு பங்கு உப்புச் சாப்பிடுகிறீர்கள். அது போக கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மிக்சர், நூடுல்ஸ் மசாலா எல்லாவற்றிலும் ஒளிந்து வரும் உப்பு தனிக் கணக்கு. கருவாடு இல்லாமல் முடியாது என்பவர்கள் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவி, வாரம் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆணத்தில் உப்பே போட வேண்டாம்.

உப்பைக் குறைத்தால் ருசி போய்விடுமே என்பார்கள். எலுமிச்சை, புளி, மிளகு, இஞ்சி, புதினா, மல்லித்தழை எல்லாம் எதற்கு இருக்கின்றன? ஒரே நாளில் பாதியாக்காமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு விருந்து வீட்டுச் சாப்பாடு உங்களுக்கே கரிக்கும்.

கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நான் இதுவரை சொன்னதிலேயே பல விஷயம் மாறும். இளநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை என்று மற்றவர்களுக்கு நல்லது என்று சொல்பவையே அவர்களுக்கு அளவோடுதான். பலர் காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டியிருக்கும். புரதமும் அவர்களுக்குத் தனி அளவு. அவர்கள் தங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் பின்பற்றட்டும், மேடையில் பேசும் என்னையும் நம்ப வேண்டாம்.

எண்ணெய்க்கும் அதே மாதக் கணக்குதான். ஒருவருக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் சுமார் நான்கு லிட்டர். நெய்யும், நெய்ச்சோற்றுக்கு ஊற்றும் டால்டாவும், தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இதில் அடக்கம். டால்டா போன்ற வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதால்தான் 2022 முதல் அதை இரண்டு சதவீதத்துக்கு மிகக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. சம்சா பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாளும் மூன்றாம் நாளும் காய்ச்சுவதை நிறுத்துங்கள்.

இப்போது இளையவள். கறி வேண்டாம் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் அது பெரிய வழக்காகிவிடும். "உனக்கு என்ன வந்தது?" என்று சண்டை. எனக்கு அதில் சண்டையே கிடையாது. கறி இல்லாமலும் ஆரோக்கியமாக வாழலாம், ஆனால் கறியை எடுத்துவிட்ட இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். அவள் என்ன செய்கிறாள்? கறியைத் தள்ளிவிட்டு வெறும் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறாள். அது சைவ உணவு அல்ல, பாதி உணவு.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏழெட்டு கிராம். அரிசியில் குறைவாக உள்ள ஒரு சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நிறைவு. இட்லி, தோசை, பொங்கலில் நம் முன்னோர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆகவே அவளுக்குத் தினமும் பருப்பு, சுண்டல், தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முட்டை சாப்பிடுவாளானால் முட்டை. தாளிச்சா வைக்கும் அன்று எலும்பு போடும் முன் பருப்பும் மாங்காயும் கத்தரிக்காயும் வெந்ததில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டால் அவள் பங்கு முடிந்தது. தனிச் சட்டி எங்கே வந்தது?

ஆனால் பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. பாலையும் முட்டையையும் சேர்த்து விட்டுவிடுகிறவர்கள் மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். இதைச் சொல்லும்போது மாமியும் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். காலில் மதமதப்பு, எரிச்சல் என்றால் எல்லாமே சர்க்கரையால் என்று விட்டுவிடாமல் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கறி சாப்பிடும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. தினமும் ஆட்டுக்கறி தேவையில்லை. கடற்கரையில் இருந்துகொண்டு, வஞ்சிரம் கிடைக்கவில்லையே என்று வருந்துவானேன்? மத்தி, அயிலை, நெத்திலி மூன்றும் விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா கொழுப்பும் கொண்டவை. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். பொரிக்காமல் ஆணமாக வையுங்கள்.

மூத்த மகளையும் அவளுடைய உம்மாவையும் நான் சேர்த்தே பேசப் போகிறேன். இருவருக்கும் ஒரே குறை, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த அறையில் ஒன்றுவிட்டு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறையக் கூடாது, மற்றப் பெண்களுக்கு 12. மகளுக்காவது சுகாதார நிலையத்தில் பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். உம்மாவை யார் பரிசோதிக்கிறார்கள்? படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, "வயசாச்சுல்ல" என்று சொல்லிக்கொள்கிறார். நாற்பத்தைந்து ஒரு வயதா?

அவருடைய தட்டைப் பார்த்தால் காரணம் தெரியும். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சட்டியில் சோறு இருக்கும், ஆணம் இருக்கும், கறித்துண்டு இருக்காது, காய் இருக்காது. சோற்றை வீணாக்கக் கூடாதே என்று அதைப் போட்டுச் சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு ஒரு டீ. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவில் இருக்கும் கொஞ்சம் இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையையும் பாலோடும் டீயோடும் விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா கூடச் சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். கறியிலும் சுவரொட்டியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். கர்ப்பிணி மட்டும் ஈரலை அதிகம் சாப்பிட வேண்டாம், அதில் உள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தைக்கு நல்லதல்ல.

சகோதரர்களே, திண்ணையில் இருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இன்று இரவு சாப்பாட்டுச் சட்டியைத் திறந்தவுடன் முதலில் அவருக்கான பங்கை, கறித்துண்டோடும் காயோடும், ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறட்டும். முடிந்தால் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். விருந்துகளில் சஹனைச் சுற்றி நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள் நாம். வீட்டில் மட்டும் சமைத்தவரை ஏன் அந்த வட்டத்துக்கு வெளியே வைக்கிறோம்? மருத்துவராலும் மாத்திரையாலும் செய்ய முடியாத வேலை இது.

நோன்பு வரப்போகிறது, அதைப் பற்றியும் கேட்பீர்கள். சர்க்கரை நோயாளிகள் நோன்புக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை, ஊசி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடும் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர் ஆகியோருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. சலுகையை ஏற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆலிமிடமும் மருத்துவரிடமும் இரண்டு பேரிடமும் கேளுங்கள். நோன்பு வைத்திருப்பவருக்கு 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் உடனே திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. மஃக்ரிபுக்கு இன்னும் அரை மணிதானே என்று காத்திருக்க வேண்டாம்.

பள்ளிவாசல் கஞ்சி நல்ல உணவு. அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்கிறது. ஒரு கிண்ணத்தோடு நிறுத்தினால் நல்லது. அதன் கூட நாலு வடை, இரண்டு சம்சா, ரோஜா சர்பத் என்று போனால்தான் கெடுகிறது. பேரீச்சம்பழம் ஒன்றோ இரண்டோ போதும். ஸஹரைத் தவிர்க்காதீர்கள், கூடியவரை கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். வெறும் பால்சோறும் பழமும் சாப்பிட்டால் காலை பத்து மணிக்கே பசிக்கும். ஒரு முட்டையோ பருப்போ, கொஞ்சம் காயோ சேருங்கள்.

வெளிநாட்டில் அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இந்த உரையைப் பதிவுசெய்து அனுப்பப் போவதாகச் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று நாளைக்கு ஒரே கறிச் சட்டியைச் சூடுபண்ணிக் குபூஸோடு சாப்பிடுகிறீர்கள். அங்கே வெள்ளரிக்காய், தக்காளி, கேரட், கொண்டைக்கடலை, தயிர் எல்லாம் கடைக்குக் கடை கிடைக்கிறது. நறுக்கினால் போதும், சமைக்கவே வேண்டாம். குளிர்பான டப்பியைத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம் என்று அறக்கட்டளை நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு ஒன்று: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு நம் சட்டியிலிருந்தே உப்பும் காரமும் போடும் முன் எடுத்து மசித்த சோறு, பருப்பு, காய். ஒரு வயது வரை தேனும் சர்க்கரையும் வேண்டாம்.

கேள்வி கேட்க நினைப்பவர்கள் வெட்கப்படாமல் முன்னால் வாருங்கள். ஹீமோகுளோபின் பார்க்கும் மேசை அஸர் வரை பின்பக்க அறையில் இருக்கும். காலையில் மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்து வந்து அவர்களுக்கு மட்டும் பரிசோதனை செய்துகொண்டு போன தாய்மார்கள், திரும்பி வந்து உங்கள் விரலையும் நீட்டுங்கள்.